வேறொருவர் கையெழுத்து

என் மனைவியின் கடிதம் வேறொருவர் கையெழுத்தில் வந்து சேர்ந்த நாளிலேயே, இலண்டனை விட்டுப் புறப்படுவதென்று மனத்துள் முடிவு செய்துவிட்டேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நான் தனியே குடியிருந்தேன். மனைவி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தாள். நீலத் தாளைப் பிரித்த மாத்திரத்தில், அது அவள் கை அன்று என்பதை அறிந்துகொண்டேன். சொற்கள் அவளுடையவையே. கண்ணிற் பூ விழுந்திருப்பதாகவும், எழுத்துக் கண்ணுக்குப் புலப்படாமையால் அடுத்த அறைப் பெண்பிள்ளையைக் கொண்டு எழுதுவிப்பதாகவும், இரண்டு மாதத்தில் வெட்டி எடுப்பார்கள் என்றும் சொல்லியிருந்தாள். இறுதியில், "நீங்கள் வரவேண்டாம். ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டே வாருங்கள்" என்றிருந்தது. இருபத்தேழு ஆண்டு இல்லறத்தின் பின், அவள் வரவேண்டாம் என்றால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா?

என்னை அங்கு அழைத்தவர்கள், தென் இலண்டனில் வாழ்ந்த நம்மவர் கூடி நடத்திய ஒரு பெற்றோர் சங்கத்தினர். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்திலும், ஏனைய நாள் மாலைகளில் வீடுகளிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது என் பணி. ஒப்பந்தம் இரண்டு ஆண்டு. பதினாறு மாதங்களே கழிந்திருந்தன. அவ்வொப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது: இடையில் விலகும் ஆசிரியர், தமக்கு ஈடான ஒருவரைச் சங்கம் ஏற்கும்படி நிறுத்திய பின்னரே விலகலாம். கவுன்சில் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த எங்கள் தலைவர் தம் கைப்படவே வரைந்த பிரிவு அது.

கடிதத்தை அவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மாஸ்ரர், முந்தின வாத்தியார் வின்ரர் கோட்டு வாங்கிக்கொண்டு வாறன் எண்டு போனவர்தான். இன்னும் வாங்கி முடியேல்லை. ஒரு வருசம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது."

"நான் சொல்லாமற் போகமாட்டன்."

"சொல்லிப்போட்டுப் போனாலும் பூட்டுப் பூட்டுத்தானே? மண்டபத்துக்கு பாட்மின்ரன்காரர் காத்துக்கொண்டு நிக்கினம்." பின்பு தணிந்த குரலில், "ஆள் ஒண்டைப் பிடியுங்கோ. பிடிச்சா நானே ஹீத்ரோவில கொண்டுபோய் விடுறன்" என்றார்.

அவர் மீது எனக்குச் சினம் எழவில்லை. பூட்டிக் கிடந்த அந்த ஓராண்டில் பிள்ளைகள் இழந்ததை மீட்பதற்கே என் முதல் ஆறு மாதங்கள் கழிந்திருந்தன.

ஆள் தேடும் படலம் தொடங்கிற்று. வீடு நிறையத் தமிழ் நூல்கள் வைத்திருந்த மருத்துவர் ஒருவர், "தமிழ் எங்கட உயிர் மாஸ்ரர். ஆனா சனிக்கிழமை எனக்கு சேர்ஜரி" என்றார். குரோய்டனில் மகளுடன் வாழ்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மனமுவந்து வந்தார். அரை மணி நேரம் வகுப்பில் அமர்ந்திருந்து, பிள்ளைகள் தமக்குள் ஆங்கிலத்தில் இரைவதைக் கேட்டார். "இது வகுப்பில்லைத் தம்பி, விமான நிலையம்" என்று கூறிக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவ்வாறு ஐந்து வாரங்கள் கழிந்தன. அவள் கண்ணை வெட்டுவதற்கு இன்னும் ஒரு மாதமே இருந்தது. வெட்டிய பின் நாளுக்கு நான்கு வேளை மருந்து விட வேண்டும். அடுத்த அறைப் பிள்ளையோ பகல் முழுதும் வேலைக்குப் போகிறவள்.

அந்நாட்களில் பெற்றோர் தின விழா நெருங்கிற்று. வரவேற்புரை வாசிக்க நான் தெரிவு செய்தது ஒன்பது வயது மாணவன் ஒருவனை. அவனுடைய வீட்டுப்பாடக் கொப்பியைப் போன்றதொன்றை நான் ஊரிலும் கண்டதில்லை. எழுத்துகள் உருண்டு திரண்டு, ஒன்றோடொன்று முட்டாது நிற்கும். வாரந்தோறும் ஒரு பொன்னிற நட்சத்திரத்தை அதில் ஒட்டுவேன். இலண்டன் குளிரிலும் இப்படி ஓர் எழுத்து விளைந்தது என் கற்பித்தலால் என்று உள்ளூர மகிழ்ந்தும் இருந்தேன். அவன் எழுதி வந்த உரையையே அவன் கையில் கொடுத்து, ஒத்திகைக்காக வகுப்பின் முன்னே நிறுத்தினேன். அவன் தாளைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பின்பு என்னைப் பார்த்தான்.

"வாசி ராசா."

"ஏலாது மாஸ்ரர்."

"ஏன்? நீ எழுதினதுதானே?"

"நான் எழுதேல்லை. அம்மாதான் எழுதுறவ. நான் ஸ்டாரை மட்டும் எடுக்கிறனான்."

வகுப்பு முழுதும் சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. ஒரு நீலத் தாளில் என் மனைவியின் கை இல்லை என்பதைக் கணத்தில் கண்டுகொண்ட நான், ஏழு மாதங்களாக ஒரு தாயின் கையைப் பிள்ளையின் கை என்று பாராட்டி வந்திருக்கிறேன்.

அத்தாய் மன்னார்ப் பக்கத்தவர். மருத்துவமனை ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. சனிக்கிழமைகளில் மண்டபத்தின் பின்புறம், ஹீற்றருக்கு அருகில் அமர்ந்து மகனுக்காகக் காத்திருப்பார். அழைத்தபோது தலை குனிந்தபடி வந்தார்.

"குறை நினையாதேங்கோ மாஸ்ரர். அவன் ஒரே விளையாட்டு. முதல் கிழமை ஒரு உதவிக்கெண்டுதான் பேனையைப் பிடிச்சனான்."

"பிறகு?"

"பிறகு எனக்கு விருப்பமாப் போச்சு. வேலையில தேத்தண்ணி நேரத்தில இருந்து எழுதுவன். எட்டாம் வகுப்போட என்னை நிப்பாட்டிப் போட்டினம்." சால்வையால் வாயை மறைத்துச் சிரித்தார். "நீங்கள் ஒட்டுற ஸ்டார் எனக்கெண்டுதான் நினைச்சு வைச்சிருந்தன்."

கடிந்துரைக்கவே அழைத்திருந்தேன். "அடுத்த கிழமை சின்னப் பிள்ளைகளை நீங்கள் பாருங்கோ" என்றேன்.

நான் நீதிமொழிகளைக் கொண்டே பாடம் தொடங்குபவன். அவரோ பிள்ளைகளிடம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னதைக் கரும்பலகையில் எழுதினார். பிட்டு, பாண், முட்டை. ஒரு சிறுமி "சிப்ஸ்" என்று கத்தினாள். அதையும் எழுதினார். ஆங்கிலச் சொல் பலகையில் ஏறலாகாது என்று விதித்தவன் நான். ஆயினும் அவ்வளவு அழகிய எழுத்தில் அது நின்றபோது, அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. வழக்கமாக மேசைக்கடியில் ஒளியும் இருவர் அன்று வெளியே வந்து, தம் காலையுணவையும் எழுதச் சொல்லி அடம்பிடித்தனர்.

மூன்று சனிக்கிழமைகள் அவ்வாறு கற்பித்தார். அதன் பின், தலைவர் வீட்டு வரவேற்பறையில் சங்கக் கூட்டம் கூடிற்று. அத்தாயை என் இடத்துக்கு முன்மொழிந்தேன்.

"என்ன படிச்சவ?" என்றார் செயலாளர்.

"எட்டாம் வகுப்பு."

"எட்டாம் வகுப்பை உங்களுக்கு ஈடெண்டு எழுதேலுமே மாஸ்ரர்? நாளைக்குச் சனம் என்ன சொல்லும்?"

பயணச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. அறுவைக்கு ஐந்து நாட்களே இருந்தன. என்றோ ஒருநாள் சொல்ல வேண்டியதை அப்போதே சொன்னேன்.

"நான் ஏழாம் வகுப்பு."

தபாற் கந்தோரில் கடிதம் பிரிப்பவனாக வாழ்வைத் தொடங்கியவன் நான். இரவல் நூல்களைக் கொண்டு நானே கற்று, பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதி வந்தேன். அக்கட்டுரைகளைக் கண்டே சங்கத்தார் என்னை அழைத்தனர். சான்றிதழை அவர்கள் கேட்கவில்லை. இல்லையென்று நானும் சொல்லவில்லை. பதினெட்டு மாதங்களாக என் சால்வையின் மடிப்புக்குள் அதை மறைத்து வைத்திருந்தேன் என்றே சொல்லலாம்.

செயலாளர் தரை விரிப்பைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், மீண்டும் அணிந்தார். அப்போது தேநீர்த் தட்டுடன் வாசலில் நின்ற அவர் மனைவி, மிக இயல்பாக, "அப்ப அவ ஒரு வகுப்புக் கூடத்தானே?" என்றார்.

முதலிற் சிரித்தவர் தலைவர்தான். பின்பு செயலாளரும் சிரித்தார். சிரிப்பு அடங்கும் முன்பே தாளை இழுத்துக் கையொப்பமிட்டார் தலைவர். "ஈடு மட்டுமில்லை மாஸ்ரர், ஒரு வகுப்பு மிச்சம்" என்றார்.

சொன்னபடியே ஹீத்ரோவுக்கும் அழைத்துச் சென்றார். வழியெல்லாம் குளிரைப் பற்றியே பேசினார். இறங்கும்போது மாத்திரம், தம் கையுறைகளைக் கழற்றிவிட்டு என் கையைப் பற்றினார்.

அறுவை நன்றாக முடிந்தது. நாளுக்கு நான்கு வேளை மருந்து விட்டேன். மூன்றாம் மாதம் இலண்டனிலிருந்து ஒரு பொதி வந்தது. பிள்ளைகள் எழுதிய இருபது கடிதங்கள். தடித்த கண்ணாடி அணிந்த என் மனைவி, எவரும் வாசித்துக் காட்ட வேண்டாமென்று தானே ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள். ஒன்றில் வெகுநேரம் தடுமாறினாள்.

"இது ஆர், கோழி கிண்டின மாதிரி?"

வாங்கிப் பார்த்தேன். மூன்றே வரிகள். மூன்றும் தாளின் வலப்பக்க மூலையை நோக்கிச் சரிந்து இறங்கியிருந்தன. இரண்டு இடங்களில் அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்தது. அடியில் அந்த ஒன்பது வயது மாணவனின் பெயர். இம்முறை அவனுக்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

என் பெட்டியில், பழைய நட்சத்திரத் தாளில் இரண்டு மீந்திருந்தன. ஒன்றை அக்கடிதத்தில் ஒட்டி, அவனுக்கே திருப்பி அனுப்பினேன். மற்றதைத் தனி உறையில் இட்டு, அவன் தாயார் பெயருக்கு அனுப்பினேன்.