கயிற்று நாற்காலியில் ஏறாத நாள்

எட்டு ஆண்டுகளுக்கு முன், அரபிக்கடலின் நடுவே நடந்தது. அப்போது நான் கடற்படையின் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்தேன். போர்க்கப்பல்கள் கரைக்குத் திரும்பாமலே டீசல் நிரப்பிக்கொள்ள எங்கள் பக்கத்தில் ஒட்டி ஓடி வரும். ‘கடலில் மிதக்கும் பெட்ரோல் பங்க்’ என்று ஊரில் பீற்றிக்கொள்வேன்.

அன்று காலை, திருப்பதி ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, ரொம்ப மோசம் என்று தகவல் வந்தது. நாங்கள் கரை சேர ஐந்து நாளாகும். டீசல் பிடித்துக்கொண்டிருந்த போர்க்கப்பலோ மறுநாளே கொச்சியில் இருக்கும். கேப்டன் யோசிக்கவே இல்லை. இரண்டு கப்பலுக்கும் இடையே கயிறு கட்டி, அதில் தொங்கும் நாற்காலியில் என்னை அந்தப் பக்கம் அனுப்பச் சொன்னார்.

ஆளுக்கு முன்னால் மணல் மூட்டையை அனுப்பிப் பார்ப்பது வழக்கம். கயிறு தொய்ந்து, மூட்டை ஓர் அலையில் முங்கி எழுந்து, பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. எனக்குத்தான் கால்கள் நகரவில்லை.

“இன்னாடா, மூட்டையே போயிடுச்சி. ஏறு!” என்றான் கூட வேலை செய்த, எங்கள் பக்கத்து நகரி ஊர்க்காரன்.

“மூட்டைக்கு இன்னா, பொண்டாட்டியா புள்ளையா?”

அவன் சிரித்தான். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இருபது வருட சேவையில் என் சிறந்த நடிப்பு அதுதான். டாக்டர் நாடி பார்த்தார். பயத்தில் அது விசைத்தறி மாதிரி அடிக்க, பொய் மெய்யாகிவிட்டது. அனுப்ப வேண்டாம் என்றார். டீசல் நிரம்பியதும் போர்க்கப்பல் விலகி வேகமெடுத்தது. ஐந்தே நிமிடத்தில் எனக்கு நெஞ்சுவலி குணமானது. அதற்குள் அது கூப்பிடு தூரம் தாண்டியிருந்தது.

புத்தூர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது ஏழாம் நாள். நைனா நான்காம் நாள் மாலைவரை இருந்திருக்கிறார்.

கடல் சரியில்லை என்று தங்கையிடம் புளுகினேன்.

“உன்னத்தான் கேட்டுக்கினே இருந்தாருண்ணா. கடைசியா, ‘அவன் பயந்த புள்ள, தண்ணியில அவசரப்பட வேணாம், மெதுவா வரச் சொல்லு’ன்னாரு.”

எத்தனையோ கப்பல்களின் பசியாற்றிய அந்தக் கப்பலும் ஓய்வு பெற்று உடைக்கப் போய்விட்டது. நான் சித்தூரில் உட்கார்ந்து என் மற்ற பயங்களையெல்லாம் சொல்லிச் சொல்லி ஊரைச் சிரிக்க வைக்கிறேன். இதைத் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை. நைனா திட்டிவிட்டுப் போயிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். என் பயத்துக்கும் அவகாசம் கொடுத்துவிட்டுப் போன மனுஷரை எப்படி மறப்பது?