அக்காவின் ஐந்து வயது

நேசமலரின் மரண அறிவித்தலில் வயது நாற்பத்தாறு என்று அச்சடித்திருந்தார்கள். அவளுக்கு நாற்பத்தொன்று. கூடிய ஐந்தும் அவளுடைய அக்கா இராசமலருக்குரியவை. அச்சகத்தில் வயது சொன்னவர் அண்ணன் சிற்றம்பலம். பதினான்கு வருடங்களுக்கு முன் இதே பிழையை நேசமலர் அவர் முகத்துக்கு நேரே திருத்தியிருந்தாள்.

அது ஐம்பத்தைந்தாம் ஆண்டு. இரணைமடுக் குடியேற்றத்தில் பிள்ளைப்பேற்று விடுதி தேவையா என்று விசாரிக்க, ஓர் இளம் உத்தியோகத்தர் வீடு வீடாக வந்தார். நேசமலரின் புருசன் தவராசா வயலில். பக்கத்து வளவிலிருந்து வந்த சிற்றம்பலம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தானே பதில் சொல்லத் தொடங்கினார்.

"உங்கடை கூடப்பிறந்த பொம்பிளையள் எத்தினை பேர், ஐயா? செத்தவையையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

"ஒரு ஆள்தான். குசினிக்கை நிக்கிறா."

"வயசு?"

"முப்பத்திரண்டு இருக்கும்."

"பிள்ளைப்பேறோடை ஆரும் தவறினவையோ?"

"சீச்சீ. எங்கடை குடும்பத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை."

குசினியில் தேங்காய் திருவிய கை நின்றது.

அக்கா செத்தது அக்கராயனில், மாரி மழைக்குள். மருத்துவிச்சி இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டில் சேற்றில் புதைந்தது. குழந்தை மட்டும் திரும்பி வந்தது. ஒரு வருசத்தில் ஆட்டத்திவசம் முடிய, அக்காவின் தாலியை உருக்கிப் புதுத்தாலி செய்து, நேசமலரை அதே அத்தானுக்குக் கட்டிவைத்தார்கள். பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று அக்காவின் பேரைச் சொல்வதையும் விட்டார்கள். அக்காவின் சீலைகள் வந்தன, பிள்ளை வந்தது. வயதும் தன்மேல் ஏறிவிட்டதை அந்தக் குசினியில் நின்றுதான் அறிந்தாள்.

ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"முப்பத்திரண்டு ஆருக்கு, அண்ணை?"

"உனக்குத்தான். பின்னை எனக்கே?"

"எனக்கு இருபத்தேழு. முப்பத்திரண்டு அக்காவுக்கு, அவ இருந்திருந்தால்."

சிற்றம்பலம் முற்றத்தைப் பார்த்தார். ஒன்பது வயதுக் கமலாசனி அங்கே காயப்போட்ட நெல்லுக்குக் காகம் கலைத்துக்கொண்டிருந்தாள்.

"விசர்க்கதை கதையாதை, பிள்ளை. உள்ளுக்கை போ."

"தம்பி, எழுதினதை வெட்டுங்கோ. நாங்கள் ரெண்டு பேர்."

"ஐயா ஒரு ஆள் எண்டல்லோ சொன்னவர்?"

"நான் பொய் சொல்லேல்லை," என்றார் சிற்றம்பலம். "தவராசாவுக்கு ஒரு பொம்பிளை குடுத்தனாங்கள். ஒரு பொம்பிளை இருக்கிறா. கணக்குச் சரிதானே."

"மாடே அண்ணை? ஒண்டு செத்தால் மற்றதைக் கட்டிப்போட்டுக் கணக்குச் சரியெண்டு சொல்ல?"

உத்தியோகத்தருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டார்.

"இஞ்சை ஒரு தாயும் சாகேல்லை எண்டு நீங்கள் போய்ச் சொன்னால் விடுதி வேண்டாம் எண்டுவினம். அடுத்தவளும் வண்டிலுக்கை கிடந்து சாகிறதே?"

அவர் வெட்டினார்.

"சாகேக்கை அவவுக்கு என்ன வயசு?"

"இருபத்திமூண்டு. எனக்குப் பதினெட்டு."

"பிள்ளை?"

"தப்பிட்டுது."

"எந்தப் பிள்ளை?"

அவர் வழமைக்குக் கேட்டார். காகம் கலைத்த தடியோடு கமலாசனி கதவடிக்கு வந்திருந்தாள். சிற்றம்பலம் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். இங்கே நிறுத்தினால் பிள்ளை நேசமலருடையது. அக்காவோ பிறந்தே இராதவள் ஆகிவிடுவாள்.

"இந்தப் பிள்ளை," என்றாள்.

சிற்றம்பலம் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். ஒரு மாதம் அந்தப் படலையைத் திறக்கவில்லை. கமலாசனி அழவில்லை. உத்தியோகத்தர் போனபின் குசினிக்குள் வந்து நின்றாள்.

"அம்மா, அவவின்ரை பேர் என்ன?"

நேசமலர் சொன்னாள். அந்த வீட்டில் அதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம்.

விடுதி வரவில்லை. மற்ற வீடுகளில் கதிரையில் இருந்து பதில் சொன்னவர்கள் எத்தனை அக்காமாரைக் கழித்துவிட்டார்களோ, அதற்குக் கணக்கில்லை. கமலாசனி பிறகு புள்ளிவிபரம் படித்தாள். அவளாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நேசமலரின் மரண அறிவித்தலை அவள்தான் சிற்றம்பலத்திடம் திருப்பிக் கொண்டுபோனாள்.

"அஞ்சு வயசுதானே, பிள்ளை," என்றார் சிற்றம்பலம். "இனி அதைத் திருத்தி என்ன?"

"அது என்னைப் பெத்தவவின்ரை வயசு, மாமா. வளர்த்தவவின்ரை தலையிலை போடாதேங்கோ."

புதிதாக அச்சடித்ததில் வயது நாற்பத்தொன்று. சிற்றம்பலத்தின் பேருக்கு மேலே இன்னொரு வரி வந்தது: காலஞ்சென்ற இராசமலரின் அன்புத் தங்கையும்.