எட்டு வால்வும் என் டயல் கேஜும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு முழுதாகப் போய் வந்த முதல் ஆள் நான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் எல்லோரும் அம்மாவுக்குச் சேலை எடுப்பார்கள். நான் எனக்கு ஒரு டயல் கேஜ் வாங்கிக்கொண்டேன். கடிகாரம் போல ஒரு முகம், அதன் கீழே பென்சிலைவிட மெல்லியதாக ஒரு கம்பி. கம்பி மயிரிழை நகர்ந்தாலும் முள் காட்டிக்கொடுத்துவிடும்.

"மணி பாக்கவா தாயி?" என்று கேட்டார் அப்பா.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். பழைய பெட்ரோல் பிளசர் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். திண்டுக்கல்லைச் சுற்றி எங்கே கல்யாணம் நடந்தாலும் பெண் மாப்பிள்ளை ஏறுவது அதில்தான். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அந்தக் கார் மேடு கண்டால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பேகம்பூரில் பட்டறை வைத்திருந்த பாய் எஞ்சினைப் பிரித்துப் போட்டார். பிஸ்டன் ரிங் மாற்றினார், வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார், ஹெட்டையும் ஏற்றி முறுக்கிவிட்டார். மேல்மூடி மட்டும் பாக்கி.

"கேம் ஷாப்ட் தேஞ்சிருந்தா என்னையக் குத்தம் சொல்லக்கூடாது," என்றார் பாய். "இந்த எஞ்சினுக்கு அது எங்கயும் கெடைக்காது. டீசல் எஞ்சினத் தூக்கி உள்ள வச்சிர வேண்டியதுதான்."

அப்பா முகம் சுண்டிப் போனது. "டீசலா? பொண்ணும் மாப்பிள்ளயும் மொத மொதப் பேசிக்கிறதே என் வண்டியிலதான் பாய். டீசல் வச்சா கத்தியில்ல பேசணும்?"

வால்வைத் தள்ளித் திறப்பது கேம். வால்வு எவ்வளவு இறங்கித் திறக்கிறது என்று அளந்தால் கேம் தேய்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அதைத்தான் வால்வு லிஃப்ட் என்பார்கள். "நான் அளந்து சொல்றேன்," என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை டயல் கேஜைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

கேஜைத் தாங்கும் காந்த அடித்தட்டை ஹெட்டில் ஒட்ட வைத்தேன். வால்வு மூடியிருக்கும்போது கம்பியின் நுனியை அதன் ஸ்பிரிங் தலையில் இருத்தி, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். அப்பா முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டு மெல்லச் சுற்றினார். வால்வு கீழே இறங்க, கம்பியும் இறங்க, முள் ஓடியது. மறுபடி மூடியதும் சரியாகப் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. கருவி சுத்தம் என்று எனக்குள் ஒரு மிதப்பு.

எஞ்சின் கையேட்டின் ஜெராக்ஸில் லிஃப்ட் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் என்று போட்டிருந்தது. எனக்கு வந்ததோ ஆறு, ஆறரை, ஐந்தே முக்கால். எட்டு வால்வில் ஒன்றுகூட ஏழைத் தொடவில்லை.

பாய் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "எட்டுமா சேந்து தேயும்? கழட்டி வச்சிருந்தப்ப நான் வெரலால தடவிப் பாத்தேன் தாயி, நல்லாத்தான் இருந்துச்சு."

"உங்க வெரல்ல மில்லிமீட்டர் போட்டிருக்கா பாய்?"

"கிரீஸ்தான் போட்டிருக்கு," என்று சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "படிச்ச பிள்ள சொல்லுது பாய். டீசலே வச்சிருங்க."

படித்த பிள்ளை என்று அப்பா என்னை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். அது இந்த இடத்தில் வந்து விழும் என்று நினைக்கவில்லை.

"கழட்டுறதுக்கு முன்னாடி ஒருக்கா சுத்திக்கிறேன்," என்று அப்பா மறுபடி ஹேண்டிலைப் பிடித்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் எஞ்சின் பக்கம் குனிந்தேன். கடைசி வால்வின் மேல் கேஜ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. இதுவரை முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள், அப்போதுதான் பக்கவாட்டில் கம்பி நுனியைப் பார்த்தேன். வால்வு இறங்கிப் போயிருந்தது. நுனி கூடப் போகவில்லை. இரண்டுக்கும் நடுவே வாசல் வெளிச்சம் தெரிந்தது.

"அப்பா, அப்படியே நிப்பாட்டுங்க!"

விரலால் கம்பியை லேசாகத் தட்டினேன். சட்டென்று கீழே இறங்கி வால்வைத் தொட்டது. முள் எட்டைத் தாண்டிப் போய் நின்றது.

கம்பியைக் கழற்றிப் பார்த்தால், அதன் மேல்பகுதியில் காய்ந்த சந்தனம். முந்தின வாரம் ஆயுத பூஜை. அப்பாவின் ஸ்பேனர்கள், அரிவாள்மனை எல்லாவற்றோடும் என் டயல் கேஜையும் அம்மா சாமி முன்னால் வைத்திருந்தாள். கம்பி மேலே ஏறும்போது வால்வு ஸ்பிரிங் அதைப் பலமாகத் தள்ளிவிட்டது. அதனால்தான் முள் ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வந்தது. இறங்கும்போது அதற்கு இருந்தது தன் சின்ன ஸ்பிரிங்கின் வலு மட்டும். பாதி வழியில் சந்தனம் பிடித்துக்கொண்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் கேட்டேன். "மொகத்துல பொட்டு வச்சா உனக்கு நம்பர் தெரியாதுல்ல, அதான் கால்ல வச்சேன்," என்றாள்.

அது பிறகு. பட்டறையில் அப்பாவிடமும் பாயிடமும், "தப்பு என் மேலதான். கேஜைச் சோதிக்காம அளந்துட்டேன்," என்றேன். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. கம்பியைப் பெட்ரோலில் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் காயவைத்து, முதல் வால்விலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை ஒவ்வொரு தடவையும் நுனியையும் பார்த்தேன். எட்டு வால்வும் எட்டு மில்லிமீட்டருக்கு மேல். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் குறைவு. கவலைப்படும் அளவுக்கு இல்லை.

"என்ன தாயி, என் வெரலு பாஸா?" என்றார் பாய்.

"பாஸ் பாய். ஆனா ஒரு வால்வு குறைச்சல்னு உங்க வெரல் சொல்லலையே?"

"ஆத்தாடி, தோத்தாலும் வாய் கொறையுதான்னு பாரு!"

அப்பா எண்களை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "மூடுங்க பாய்," என்றார்.

மூன்று மணிக்குக் கார் புறப்பட்டது. புது ரிங் படிய வேண்டும், மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் வாருங்கள் என்று சொல்லித்தான் பாய் அனுப்பினார். திருச்சி ரோட்டில் மாட்டுவண்டிகூட எங்களை முந்தியிருக்கும். வடமதுரை வந்தது. அப்பா திருப்பவில்லை. வடமதுரையும் தாண்டியது.

"எதுக்குப்பா இம்புட்டுத் தூரம்? பாய் தேடுவாரு."

"செத்த நேரம் சும்மா வா தாயி," என்றார் அப்பா. மெல்லத்தான் சொன்னார்; அந்த எஞ்சின் சத்தத்தில் அதுவே தெளிவாகக் கேட்டது.