பிரெஞ்சு ஆடாதீங்க

செஸ் போட்டியில் ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரும் தோற்றவரும் வெளியே ஓர் ஓரமாய் உட்கார்ந்து, அதே ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிப் பார்ப்பது வழக்கம். எங்கே பிசகினோம் என்று தோற்றவர் கேட்பார். ஜெயித்தவர் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சட்டமெல்லாம் இல்லை, மரியாதை. அந்த மரியாதையைத்தான் நான் காற்றில் பறக்கவிட்டேன்.

ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டி. எதிரே உட்கார்ந்தவர் அக்காள்மடத்துக்காரர், ஐஸ் கம்பெனியில் வேலை. என் வயசுதான் இருக்கும். போனிலேயே செஸ் கற்றவர். கறுப்புக் காய்களுக்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு தொடக்கம், பிரெஞ்சு டிஃபென்ஸ். அதை வைத்தே என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டார். பத்து நகர்த்தலுக்குள் என் நடுச் சிப்பாயை ராணி, குதிரை, சிப்பாய் என்று எல்லாவற்றையும் கொண்டு நெருக்கினார். கடைசியில் கடிகாரத்தில் நேரமில்லாமல் பதறிப்போய், என் பிஷப் வெட்டும் கட்டத்தில் யானையைக் கொண்டுவந்து வைத்தார். அதனால் பிழைத்தேன், என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் காய்களை அடுக்கினோம்.

"எங்கன சார் தப்புப் பண்ணுனேன்?" என்றார்.

அடுத்த மாதம் மாவட்டத் தேர்வு. மாநிலப் போட்டிக்கு இரண்டே பேர். இவர் இதே ஆட்டத்தோடு வந்தால் எனக்கு இடமில்லை என்று அந்த நொடியில் பளிச்சென்று தெரிந்தது.

"ஓப்பனிங்கே தப்பு. பிரெஞ்சு ஆடாதீங்க. உங்க பிஷப்பு உங்க சிப்பாய்க்குப் பின்னாடியே அடைஞ்சு கெடக்கு பாருங்க. வேற ஏதாவது பழகுங்க."

பிஷப் அடைந்து கிடந்தது உண்மைதான். ஆனால் அதனால் அவர் தோற்கவில்லை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு பொய் சொல்வது எவ்வளவு சுலபம், சீ! அவர் தலையாட்டிக்கொண்டே, நான் சொன்னதை, நகர்த்தல்களைக் குறித்துவைத்த ஆட்டத்தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

தேர்வில் அவர் புதிதாக ஏதோ ஆடினார். முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. நான் இரண்டாவதாக வந்தேன். பட்டியலில் என் பெயரைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கங்கெட்டவனுக்கு.

கிளம்பும்போது அவரே தேடிவந்து என் கையைப் பிடித்தார்.

"புதுசுல்ல சார், இன்னும் கைக்கு வரல. நல்ல வேளை நீங்க சொன்னீக. எங்க கம்பெனியில நாலு பேரு ஆடுறோம். அவுகளையும் பிரெஞ்சை விடச் சொல்லிட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. நாக்கு நுனி வரை வந்தது.

"பரவாயில்ல, பழகப் பழகச் சரியாயிரும்" என்றேன்.