விழக்கூடாத கேஜ்

1. கெட்டிக்காரன் வேலைக்குச் சேர்ந்தான்

தொண்ணூறுகளின் தொடக்கம். ஊரை விட்டு வெளிநாடு வந்த புதிது. மில்லிக்கன் என்ற இடத்தில் தவம் அண்ணையின் கராஜில் முதல் நாள். என்ன வேலை தெரியும் என்று கேட்டார்.

“மண்ணெண்ணெயில கார் ஓட வைப்பன் அண்ணை.”

பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில் அது பெரிய தகுதி. பெற்றோல் ஸ்டேசனுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு அதைப் பெருமையாகச் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

“இஞ்ச பெற்றோல் இருக்கடாப்பா. பிரேக் மாத்தத் தெரியுமோ?” என்றார்.

2. ஸ்டொக் என்றால்

தவம் அண்ணையிடம் அறுபத்தொன்பதாம் ஆண்டுக் கார் ஒன்று இருந்தது. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர். கோடையில் அதைக் கொண்டுபோய், நேர் ரோட்டில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் டிராக் ரேஸில் விடுவார். வகுப்பு ஸ்டொக். கடையில் ஸ்டொக் இருக்கிற சாமானை எல்லாம் போட்டு ஓட்டலாமாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

“ஸ்டொக் எண்டா கொம்பனி எப்பிடி விட்டதோ அப்பிடி. பழைய காருக்கு இன்னும் இறுக்கம். அந்த வருசம், அந்த மொடலுக்கு என்ன என்ஜின் போட்டு வித்தவங்களோ, அதுதான் இருக்கோணும். கார்பரேட்டர் நம்பர், சிலிண்டர் ஹெட் நம்பர் எல்லாம் ரேஸ்காரங்கட புத்தகத்தோட ஒத்துவரோணும். பழுதானா மாத்தலாம், ஆனா அதே நம்பர் சாமான். விளங்குதோ?”

“ஓம் அண்ணை.”

காதுக்கு விளங்கியது. கைக்கு விளங்கவில்லை.

முந்திய வருடம் எழுபதாம் ஆண்டு மனிபோல்ட், அதாவது என்ஜினுக்குக் காற்றுப் பிரிக்கும் குழாய், ஒன்றைப் பூட்டியதற்காக அவரைப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த முறையும் தகுதி பெறாவிட்டால் காரை விற்றுவிட்டு, பிள்ளைகளை ஏற்ற வான் வாங்குவது என்று மனைவி ராணி அக்காவுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ரேஸுக்கு ஒரு கிழமைக்கு முன், பெற்றோலையும் காற்றையும் கலக்கிற கார்பரேட்டரைக் கழற்றித் துப்புரவாக்கச் சொன்னார். காற்றுப் போகும் தொண்டை சொரசொரவென்று கிடந்தது. ஊரில் ஒரு கார்பரேட்டரை வந்தபடியே திருப்பிக் கொடுத்தால், இவன் என்ன மெக்கானிக் என்பார்கள். சின்ன வட்ட அரத்தை எடுத்தேன். பத்து நிமிடத்தில் தொண்டை கண்ணாடி மாதிரி. ஒருவருக்கும் சொல்லவில்லை. பாராட்டு வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

3. ரேஸ் காலை

பரிசோதகர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. என்ஜின் நம்பர் சரி. ஹெட் நம்பர் சரி. கார்பரேட்டருக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

“வெரி ஷைனி,” என்றார்.

“தாங்க் யூ மேடம்,” என்றேன்.

அவர் உருண்டையான அளவுக் கேஜ் ஒன்றைத் தொண்டைக்குள் வைத்தார். கொம்பனி விட்ட அளவில் இருந்தால் அது உள்ளே போகக்கூடாது. டொக்கென்று விழுந்தது.

தவம் அண்ணை என்னைப் பார்த்தார். “உதென்னடா செய்து வைச்சிருக்கிறாய்?”

“கொஞ்சம் நல்லாக்கினன் அண்ணை.”

“ஆரடா உன்னை நல்லாக்கச் சொன்னது?”

மத்தியானத்துக்குள் அதே நம்பர் கார்பரேட்டரோடு வந்தால் மறுபடி பார்ப்பேன் என்றார் அந்த அம்மா. நான் ஓடினேன். பொனெட் திறந்திருந்த ஒவ்வொரு காருக்குள்ளும் தலையை விட்டு நம்பர் படித்தேன். இரண்டு பேர் களவெடுக்க வந்தவன் என்று துரத்தினார்கள். கடைசியில் ரெக்ஸ்டேல் என்ற இடத்திலிருந்து ரேஸுக்கு வந்த ஒருவருடைய சாமான் பெட்டியில் அதே நம்பர், கரி பிடித்துக் கிடந்தது. அவரும் எங்கள் வகுப்புத்தான். “என்னிடம் தோற்க ஓர் ஆள் வேண்டாமா?” என்று சிரித்தபடி தந்துவிட்டார்.

கழுவ உட்கார்ந்தேன். ரேஸ் பார்க்க வந்திருந்த ராணி அக்கா முன்னால் வந்து கையை நீட்டினார்.

“அந்த அரத்தை இஞ்ச தா.”

வாங்கித் தன் ஹாண்ட்பாக்கில் போட்டுக்கொண்டார்.

“அக்கா, கார் பாஸ் பண்ணாட்டி உங்களுக்கெல்லோ வான்?”

“வான் நான் சண்டை பிடிச்சு வாங்குவன். உவர் உன்னால பெயிலாகி வாங்கினா, வருசம் முழுக்க அந்த மூஞ்சையைப் பாக்கிறது ஆர்? நீ வந்து பாக்கிறியோ?”

தொண்டையில் ஒரு சின்னப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. கை அரித்தது.

“அக்கா, ஒரே ஒரு தேய்...”

“கையை எடு!”

என் வாழ்க்கையில் ஒரு சாமானை இருந்தபடியே பூட்டிய முதல் தடவை அது. வேர்த்து ஊற்றியது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க, கேஜ் விழாமல் தொண்டையில் நின்றது. பரிசோதகர் காரின் முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினார். தவம் அண்ணை முதல் சுற்றிலேயே ரெக்ஸ்டேல்காரரிடம் தோற்றார். ஆனாலும் வாய் காது வரை.

“தோத்தாலும் ஸ்டொக்காத் தோத்தமடா!”

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் கராஜில் நின்றேன். அன்றிலிருந்து எந்தக் கார் வந்தாலும் பொனெட்டைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்பேன்: “முந்தி இருந்த மாதிரி வேணுமோ, நல்லா வேணுமோ?” சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பெரும்பாலானவர்கள் முந்தி இருந்த மாதிரிதான் கேட்பார்கள். இளம் மெக்கானிக்குகளே, நீங்களும் கேளுங்கள். பதில் வரும்வரை அரத்தைத் தொடாதீர்கள்.