துப்பாக்கிக்கு வைத்த சந்தனம்

என் கணவர் கொசுவைக்கூட அடிக்க மாட்டார், ஊதித்தான் விரட்டுவார். அந்த மனுஷனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் துப்பாக்கி ஆசை வந்தது. அதுவும் குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைத் துணியில் பொதிந்து, கோலால் இடித்து இறக்கும் பழைய காலத்து ரகம். பாகம் பாகமாகப் பெட்டியில் வந்தது. டெக்சஸ் வெயிலில் கராஜில் உட்கார்ந்து கட்டையை உரசி, எண்ணெய் பூசி, ஒரு வருஷம் அதோடுதான் குடித்தனம் நடத்தினார்.

"தயிர் சாதம் சாப்பிடற ஆளுக்கு எதுக்குங்க இது?"

"பேப்பரைத்தாம்மா ஷூட் பண்ணப் போறேன். நான் செஞ்சதோட சத்தத்தை ஒரு தடவை கேக்கணும்."

ஆயுத பூஜைக்கு அது தயாராகிவிட்டது. லேப்டாப், கார் சாவி, மிக்ஸி வரிசையில் துப்பாக்கியும் சுவாமி முன்னால் படுத்துக்கொண்டது. பொட்டு வைப்பது அவர் வேலை. கை தாராளம், சந்தனத்தை அப்பிவிடுவார். வருஷா வருஷம் கீபோர்டில் காய்ந்து கிடப்பதை நான்தான் திட்டிக்கொண்டே டூத்பிக்கால் சுரண்டி எடுப்பேன்.

அந்தச் சனிக்கிழமை, துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போவதாக இருந்தார். வெள்ளிக்கிழமை ஆபீஸ் பார்க்கிங்கில் மாரடைப்பு.

எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை பிறகுதான் வந்தது. இத்தனை ஆசைப்பட்டுவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்காமலே போய்விட்டாரே என்று ஆறவே இல்லை.

தலைத் திவசம் முடிந்ததும் என் மகள், "அம்மா, ஜஸ்ட் செல் இட்" என்றாள்.

"வித்துடலாம்டி. அப்பா கேக்க நினைச்சதை நான் ஒரு தடவை கேட்டுடறேன்."

ரேஞ்சில் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். சில வாரம் அவருடைய துப்பாக்கியில் பழகினேன். பிறகு ஒரு நாள் எங்களுடையதைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். மருந்தை அளந்து கொட்டினேன், குண்டை இடித்து இறக்கினேன். பின்பக்கம், விசையை இழுத்ததும் சுத்தியல் விழும் இடத்தில் துளையுள்ள சின்னக் குமிழ் ஒன்று உண்டு. அதன் மேல், தீபாவளித் துப்பாக்கிக்கு வைப்பது போன்ற ஒரு கேப்பை மாட்டினேன். கேப்பின் நெருப்பு அந்தத் துளை வழியாகப் போய் மருந்தைப் பற்றவைக்க வேண்டும்.

விசையை இழுத்தேன். கேப் மட்டும் 'பட்'டென்றது.

அசையாதே, குழாய் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும் என்றார் அந்த அம்மாள். உள்ளே பொறி கனன்றுகொண்டிருந்தால் தாமதமாகவும் வெடிக்குமாம். கை கடுக்க நின்றேன். வேறு கேப் மாட்டியும் அதே 'பட்'தான்.

அவர் குமிழைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். துளை அடைத்திருந்தது. துளை திறந்திருக்கிறதா என்று, குண்டு போடும் முன் வெறும் கேப்பை வெடித்துப் பார்த்தாயா என்று கேட்டார். மறந்திருந்தேன். குளவி மண்ணாக இருக்கும், இந்தப் பக்கம் சகஜம் என்று சொல்லி மெல்லிய கம்பி ஒன்றைக் கொடுத்தார்.

கம்பி நுனியில் ஒட்டி வந்தது குளவி மண் இல்லை, சந்தனம். என் கணவர் குமிழின் தலையிலும் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். வெளியே இருந்ததை நான் துடைத்திருக்கிறேன், உள்ளே போனது தங்கிவிட்டது.

கம்பியை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கை கடைசியாக வைத்த சந்தனம். அதை எடுக்காமல் இது வெடிக்காது. அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது, கொஞ்சமா வைங்கன்னு," என்று வாய்விட்டுத் திட்டியபடி சுரண்டினேன். மஞ்சளாக உதிர்ந்தது. கையில் ஏந்துவதற்குள் காற்றில் போய்விட்டது.

குமிழை மறுபடி துப்பாக்கியில் திருகி, புது கேப் மாட்டிச் சுட்டேன். தோளில் ஒரு இடி. ரேஞ்சே அதிர்ந்தது. வெள்ளைப் புகையில் எதிரே எதுவும் தெரியவில்லை.

"கேட்டுச்சா?" என்றேன்.

தமிழ் தெரியாத அந்த அம்மாள், பக்கத்தில் நின்று தலையாட்டினார்.