பச்சையாகத்தானே இருக்கிறது

பயிர் நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவனுக்குக் கண் வேண்டும், வாய் கூடாது. கண்டதைச் சொல்லித் திட்டு வாங்கும் உத்தியோகஸ்தர்களே, தொண்ணூறுகளில் ரங்கூனில் நான் பட்டது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

உள்ளே நுழைந்தவர்

ஷான் மலையிலிருந்து கோ தூன் (பர்மாவில் 'கோ' என்றால் அண்ணன்) என்ற விவசாயி, கோதுமைச் செடிகளை மண்ணோடு பெயர்த்து எண்ணெய் டின்னில் வைத்துக் கொண்டுவந்தார். கீழ் இலைகளில் புள்ளி. மேல் இலைகள் நல்ல பச்சை. சயா, அதாவது வாத்தியார், என்று நாங்கள் கூப்பிடும் மேலதிகாரி ஒரு வார்த்தை சொன்னால்தான் ஊர்க் கிடங்கில் மருந்து கொடுப்பார்கள். உடனே அடித்தால் பயிர் பிழைக்கும்.

ஒரு பச்சை இலையை வெளுக்கவைத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தேன். பூசணம் இலையின் மூச்சுத் துளை வழியாக நுழைந்து, செல்களுக்கு நடுவே நூல் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. இது வெளியே சுவடே காட்டாது. நன்றாகப் பரவிய பிறகுதான் செல்களைச் சாகடிக்கும். சயாவைக் கூப்பிட்டேன். அவர் நுண்ணோக்கிப் பக்கம் குனியவே இல்லை.

"கீழ் இலைன்னா காயத்தான் செய்யும். மேலே பச்சையாத்தானே இருக்கு?"

பரோட்டாக் கடை

கோ தூன் வெறுங்கையோடு பஸ் ஏறினார். சயா கீழ் இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, டின்னைத் தன் ஜன்னலில் வைத்துக்கொண்டார். மேலிடத்து அதிகாரி வரும்போது ஆரோக்கியமான பயிர் என்று காட்டவேண்டுமாம். மனசு கேட்காமல் பபேடான் பேட்டையில் பரோட்டாக் கடை காதர் பாயிடம் புலம்பினேன். கோதுமையை நம்பிப் பிழைக்கிறவராவது வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.

"நாங்க என்ன இலையையா பிசையிறோம், கோ மீரான்? மாவு கப்பல்ல வருது."

பெரியவர் வருகை

அதிகாரி வருவதற்குள் பூசணம் முந்திக்கொண்டது. மேல் இலைகளில் பழுப்புத் திட்டு, அதன்மேல் மிளகுப்பொடி தூவினதுபோல் கறுப்புப் புள்ளிகள். டின்னை ஒளித்துவைக்க சயாவுக்கு நேரமில்லை. அதிகாரி இலையைத் தடவிப் பார்த்தார்.

"புள்ளி போட்ட ரகமா? நம்ம ஆளுங்க புதுசு புதுசா ஏதாவது செஞ்சுக்கிட்டேதான் இருக்காங்க."

மருந்து கிடைத்தது

பாராட்டில் குளிர்ந்த சயா, கோ தூன் மறுபடி வந்தபோது தாராளமாக மருந்துக்குச் சம்மதம் கொடுத்தார். கோ தூன் மடியிலிருந்து ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் கசக்கி ஊதினார். உமி பறந்தது; கையில் மணி ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை.

"இப்போ எதுமேல அடிக்கட்டும், சயா? வைக்கோல் மேலயா?"

கோதுமை இலைக்குள் பூசணம் வளர என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால், கொஞ்சம் ஈரமும் ஒரு மேலதிகாரியும் போதும் என்பேன்.